நிறம் போனால் விஷம் போகுமா?

சாயப்பட்டறைக் கழிவுநீரை பாக்டீரியா வைத்துத் தெளிய வைக்கிறார்கள். நிறம் போனபின் ஆற்றில் விடலாம்தானே? (திருப்பூர் வாசகர்)

கூடாது. துணிச் சாயங்களில் பெரும்பங்கு அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களைக் கோக்கும் பிணைப்புதான் அவற்றின் நிறத்துக்கு ஆதாரம். காற்றுப் படாத தொட்டியில் பாக்டீரியா அந்தப் பிணைப்பை அறுத்துவிடும், தண்ணீரும் தெளிந்துவிடும். மிஞ்சுவது சாய மூலக்கூறின் உடைந்த துண்டுகளான அரோமாட்டிக் அமீன்கள். அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை. கண்ணுக்குத் தெரிந்த விஷம் தெரியாத விஷமாகிவிட்டது, அவ்வளவுதான். அமீன்களைச் சிதைக்க, காற்று ஊட்டிய இன்னொரு தொட்டியும் வேறு பாக்டீரியாக்களும் வேண்டும்.

அப்போதும் சாயம் ஏறுவதற்காகக் கொட்டிய உப்பு அப்படியே இருக்கும். அதை எந்த பாக்டீரியாவும் சிதைக்காது. நொய்யல் கரை வயல்களையும் கிணறுகளையும் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆர்.ஓ. வடிகட்டியும், நீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரும் இல்லாமல் அதைப் பிரிக்க வழியில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் பரவியது போன்ற எண்ணெயை பாக்டீரியா தின்றுவிடாதா?

ஒரு பகுதியைத் தின்னும். அல்கானிவோராக்ஸ் என்ற கடல் பாக்டீரியாவுக்கு எண்ணெய்தான் பிரதான உணவு. ஆனால் எண்ணெயில் கார்பன் ஏராளம். பாக்டீரியா பெருகத் தேவையான நைட்ரஜனும் பாஸ்பரஸும் அற்பம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் ஒதுங்கிய கரைகளில் உரம் தெளித்தது அதனால்தான். அலையாத்திச் சேற்றுக்குள் ஆக்சிஜனும் கிடையாது. அங்கே இறங்கிய எண்ணெய் பல ஆண்டுகள் தங்கலாம். சேற்றில் இறங்குமுன் அள்ளி எடுப்பதே முதல் வேலை.

பாதரசம்? (கொடைக்கானல் வாசகி)

அது தனிமம், உடைக்க முடியாது, உருமாற்ற மட்டுமே முடியும். சில பாக்டீரியாக்கள் அதை ஆவியாக்கி வெளியே விடுகின்றன. ஏரியடிச் சேற்றில் ஆக்சிஜனுக்குப் பதில் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்களோ அதை மீத்தைல் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. இது மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் அதிகம். உங்கள் ஊர் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டுவிட்டாலும், மண்ணிலும் சேற்றிலும் தங்கிய பாதரசம் தானாக அழியாது.

எங்கள் ஏரியில் பாக்டீரியா பவுடர் போடலாமா?

சாக்கடை கலக்கும்வரை பணம் வீண். ஏரி நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் அளவில் பாக்டீரியா ஏற்கெனவே உண்டு. சாக்கடையைத் தின்னும்போது அவை ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பது பெரும்பாலும் அதனால்தான். சாக்கடை வாயை அடைக்கச் சொல்லி முதலில் மனு கொடுங்கள்.