ஓக்லி கண்ணாடியைப் பற்றி நியாயமாக எழுதுவது எப்படி? – கேள்வி பதில்

விளையாட்டுக் கண்ணாடிகளுக்கு விமர்சனமோ அறிமுகக் குறிப்போ எழுதுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. எல்லாமே அமெரிக்க விளையாட்டுக் கண்ணாடி நிறுவனமான ஓக்லியைப் பற்றியவை. ஆனால் பாதிக்கு மேல் எந்த பிராண்டுக்கும் பொருந்தும்.

கேள்வி: "விளையாட்டு உலகின் தலைசிறந்த கண்ணாடி நிறுவனம்" என்று தொடங்கினேன். விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். வேறு எப்படித் தொடங்கலாம்?

பதில்: நடந்ததை எழுதுங்கள், அதுவே சுவையானதுதான். 1975இல் கலிஃபோர்னியாவில் ஜிம் ஜன்னார்ட் 300 டாலர் முதலீட்டில் ஓக்லியைத் தொடங்கினார். முதலில் விற்றது கண்ணாடி அல்ல, மோட்டோகிராஸ் பைக்குக்கான கைப்பிடி. 1980இல் கண்ணை முழுதாக மூடும் காகிள்ஸ் வந்தது. 1984இல் ஐஷேட்ஸ் என்ற விளையாட்டுக் கண்ணாடி வந்தது. சைக்கிள் பந்தய வீரர்களின் முகத்துக்கு ஓக்லி வந்து சேர்ந்தது அதன் மூலம்தான். 2007இல் இத்தாலியின் கண்ணாடி நிறுவனமான லக்ஸோட்டிகா ஓக்லியைச் சுமார் 210 கோடி டாலருக்கு வாங்கியது. 2018இல் லக்ஸோட்டிகா பிரான்சின் லென்ஸ் நிறுவனமான எஸிலோருடன் இணைந்து எஸிலோர்லக்ஸோட்டிகா ஆனது.

உரிமையாளர் பெயரை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ரே-பான், பெர்சோல் ஆகிய பிராண்டுகளும் சன்கிளாஸ் ஹட் கடைகளும் அதே குழுமத்தின் கையில்தான் இருக்கின்றன. ஓக்லியையும் ரே-பானையும் போட்டியாளர்களாக நிறுத்தி எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் விட்டால், வாசகருக்குத் தவறான படம்தான் கிடைக்கும்.

கேள்வி: பிளூட்டோனைட், ஓ மேட்டர், அன்அப்டேனியம்... இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்புகளா சார்? அப்படியே எழுதிவிடலாமா?

பதில்: மூன்றும் வணிகப் பெயர்கள். முதலில் பொருளைச் சொல்லிவிட்டு, "நிறுவனம் இதை இப்படி அழைக்கிறது" என்று அடுத்து எழுதுங்கள். பிளூட்டோனைட் என்பது பாலிகார்பனேட் லென்ஸ். ஓ மேட்டர் நைலான் வகை பிரேம். அன்அப்டேனியம் என்பது மூக்கிலும் காதோரத்திலும் வரும் ரப்பர்; வியர்வையில் நனைந்தால் பிடிப்பு கூடும் என்பது நிறுவனத்தின் கூற்று.

பாலிகார்பனேட் என்று எழுதியதும் அதன் குணமும் குறையும் சேர்ந்தே வந்துவிடும். அடி தாங்கும், எடை குறைவு, புற ஊதாக் கதிரைப் பெருமளவு தானே தடுக்கும். ஆனால் மேற்பரப்பு மென்மையானது. கோட்டிங் இல்லாவிட்டால் சுலபமாகக் கீறல் விழும். நிறப்பிரிகையைக் காட்டும் ஆபே எண் அதற்குச் சுமார் 30தான்; எண் குறையக் குறைய நிறம் அதிகமாகப் பிரியும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸான சிஆர்-39க்கு 58. பவர் போட்ட லென்ஸில் ஓரமாகப் பார்க்கும்போது சிலருக்கு வண்ண விளிம்பு தெரிவது இதனால்தான். அதை ஓக்லியின் குறை என்று எழுதக் கூடாது. அந்தப் பொருளின் இயல்பு அது, எந்த பிராண்டிலும் இருக்கும்.

கேள்வி: லென்ஸ் கறுப்பாக இருந்தால் யூவி (புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு அதிகம் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. நிறம் வேறு, யூவி தடுப்பு வேறு. நிறமே இல்லாத பாலிகார்பனேட் லென்ஸும் யூவியைத் தடுக்கும். மாறாக, தடுப்பே இல்லாத கறுப்புக் கண்ணாடி ஆபத்தானது: இருட்டில் கண்மணி விரியும், கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

நிறத்துக்குத் தனி அளவு உண்டு. ஐஎஸ்ஓ 12312-1 என்ற சர்வதேசத் தரப்படி, கண்ணாடி எத்தனை சதவீத வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை வைத்து 0 முதல் 4 வரை வகை பிரிக்கிறார்கள். 0 என்றால் 80க்கு மேல். 1 என்றால் 43–80. 2 என்றால் 18–43. 3 என்றால் 8–18. 4 என்றால் 3–8. வகை 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. விமர்சனத்தில் "நல்ல டார்க்" என்பதைவிட "வகை 3" என்பதே பயன்படும். எண் பெரும்பாலும் காதில் மாட்டும் தண்டின் உட்புறமோ பெட்டிக்குள் வரும் தாளிலோ இருக்கும். இன்னொன்று: இந்தத் தரம் யூவியை 380 நானோமீட்டர் அலைநீளம் வரை கணக்கிடுகிறது, "யூவி400" என்பது 400 வரை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள்.

கேள்வி: ஓக்லியின் பிரிஸம் லென்ஸ் என்றாலே போலரைஸ்ட்தானே?

பதில்: இல்லை, இந்தத் தவறு நிறைய வருகிறது. பிரிஸம் என்பது சாயத்தின் மூலம் சில அலைநீளங்களைக் குறைத்து, நிறங்களுக்கு இடையே வேறுபாட்டைக் கூட்டும் முறை. ஸ்மித் என்ற இன்னொரு பிராண்டின் குரோமாபாப்பும் இதே வகைதான். போலரைஸ்ட் என்பது தண்ணீரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் தெறிக்கும் ஒளியை வெட்டும் படலம். பிரிஸத்தில் போலரைஸ்ட், சாதாரணம் இரண்டும் தனித்தனியாக விற்பனையில் உண்டு. கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால், கண்ணாடி வழியாக எல்சிடி திரையைப் பார்த்தபடி லென்ஸை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டால் போலரைஸ்ட்.

அதே காரணத்தால், வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் கணினியின் திரை போலரைஸ்ட் லென்ஸில் மங்கலாகத் தெரியலாம். மீன்பிடிக்கும் படகில் போலரைஸ்ட் லென்ஸ் வரம், வேகமாகச் சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தொல்லை. யாருக்கு என்பதைச் சொல்லாத பாராட்டு பாதிப் பாராட்டுதான்.

கேள்வி: "துப்பாக்கிக் குண்டையே தாங்கும்" என்று ஒரு விற்பனைக் குறிப்பில் பார்த்தேன்.

பதில்: அப்படி எழுதவே வேண்டாம். அமெரிக்காவின் ஆன்சி இசட்87.1 பாதுகாப்புத் தரத்தில் இரண்டு கடுமையான சோதனைகள் உண்டு. ஒன்றில் 6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டையை நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில் லென்ஸ் மீது எறிவார்கள். மற்றதில் 500 கிராம் கூர்முனை எடையை 127 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடுவார்கள். இரண்டிலும் தேறியதற்கு அடையாளம் இசட்87+ முத்திரை. அது இருந்தால் மட்டும் "பாதுகாப்புக் கண்ணாடி" என்று எழுதுங்கள். ஒரு மாடலில் முத்திரை இருப்பதால் எல்லா ஓக்லிக்கும் அது பொருந்தாது.

கேள்வி: வாங்கிய சில மாதத்திலேயே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிப் பளபளத்த மேல் கோட்டிங் உரிகிறது. "தரம் மோசம்" என்று விமர்சனம் எழுதினால் தவறா?

பதில்: உரிந்தது உண்மை, அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் எந்த மாடல், எந்த லென்ஸ், எத்தனை மாதம், எதைக் கொண்டு துடைத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்போதுதான் படிப்பவர் எடை போட முடியும். வெளிப்பக்கக் கோட்டிங் மிக மெல்லியது. வியர்வை உப்பு காய்ந்து படிந்திருக்கும்போது பனியன் நுனியால் துடைத்தால், அந்த உப்பே அரத்தைப் போல வேலை செய்யும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டும் கோட்டிங்குக்கு எதிரி. அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட்டே வெளுத்து வெடிப்பு விடும்.

சரியான முறை இதுதான்: ஓடும் தண்ணீரில் முதலில் அலசுங்கள், வெந்நீர் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, விரல் நுனியால் இருபுறமும் தேய்த்து மறுபடி அலசுங்கள். தண்ணீரை உதறிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். மூக்கு ரப்பரைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள். சன்ஸ்கிரீன் எண்ணெய் அதற்கு அடியில்தான் தங்கும். இப்படிப் பார்த்துக்கொண்ட பிறகும் உரிந்தால், உங்கள் புகாருக்கு முழு எடை உண்டு.

கேள்வி: பெரிய வீரர்கள் எல்லாம் அணிகிறார்களே, அது தரத்துக்குச் சான்று ஆகாதா?

பதில்: ஒப்பந்தத்துக்குச் சான்று, அவ்வளவே. "அணிகிறார்" என்பதற்குப் பதில் "நிறுவனத்தின் ஆதரவு பெறுகிறார்" என்று எழுதுங்கள். சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குடன் இருந்த உறவை ஊக்கமருந்து விவகாரத்துக்குப் பிறகு 2012இல் ஓக்லி முறித்துக்கொண்டது. ஆதரவைப் பற்றி எழுதுகிறவர் அதையும் எழுத வேண்டும்.

கேள்வி: எனக்கு மூக்குத் தண்டு தட்டை, கண்ணாடி கன்னத்தில் இடிக்கிறது. பவரும் உண்டு. "வசதியில்லை" என்று எழுதலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் முக அமைப்பையும் சொல்லிவிட்டு எழுதுங்கள். சில மாடல்களில் தாழ்ந்த மூக்குத் தண்டுக்கென்றே தனி வடிவம் கிடைக்கிறது. நீங்கள் போட்டது அதுவா, வழக்கமானதா என்று குறிப்பிடுங்கள். பவரைப் பொறுத்தவரை, முகத்தைச் சுற்றி வளையும் லென்ஸில் அதிக பவர் வைத்தால் ஓரங்களில் உருவம் சிதையும். அதனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பவர் வரம்பு இருக்கும். உங்கள் பவர் எண்ணையும் விமர்சனத்தில் போட்டால், அதே பவர் உள்ள இன்னொருவர் வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்வார்.