கடலூர்–புதுச்சேரி பேருந்தில் சுமக்கும் மடிக்கணினி: எடையா, பேட்டரியா?

கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கு வேலைக்குச் சென்றுவரும் நீங்கள், புதிய மடிக்கணினி வாங்கும்போது குறைந்த எடைக்கு முன்னுரிமை தருவதா, நீடித்த பேட்டரிக்குத் தருவதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில், மஞ்சக்குப்பத்திலிருந்து அதே வழியில் பல ஆண்டுகளாகச் சென்றுவருகிறவன் என்ற முறையில், இவ்விரண்டும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்றே சொல்வேன்.

கடையில் சொல்லப்படும் எடை கணினியின் எடை மட்டுமே. ஆனால் ரெட்டிச்சாவடி தாண்டியும் உட்கார இடம் கிடைக்காமல் நிற்கும்போது தோளில் தொங்குவது கணினியும் சார்ஜரும் அதன் தடித்த வயரும் சேர்ந்த எடை. 1.2 கிலோ கணினியின் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடுமானால், 350 கிராம் சார்ஜரையும் தினமும் எடுத்துப் போக வேண்டும். 1.4 கிலோ கணினி மாலை வரை தாங்குமானால் சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஆகவே இரண்டாவதுதான் உண்மையில் இலகுவானது. என் பழைய கணினி 2.3 கிலோ, அதன் சார்ஜர் ஏறத்தாழ அரைக் கிலோ. வாடிக்கையாளர் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்பே பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கண்கள் தேடும். அந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த சங்கடத்தைத் தந்தது.

பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை விளம்பரத்தில் உள்ள மணிக்கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கணக்குப் பெரும்பாலும் திரையின் ஒளியைக் குறைத்து வைத்து ஒரு வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு எடுக்கப்படுவது. நம் ஊர் வெயிலில் சன்னலோரம் அமர்ந்து எக்செல் பார்க்க வேண்டுமானால் ஒளியை ஏறக்குறைய முழுவதுமாகக் கூட்ட வேண்டியிருக்கும். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணி என்ற அளவில் கணினியின் விவரப் பட்டியலில் இருக்கும். அதை வேலையின்போது கணினி சராசரியாக இழுக்கும் வாட் அளவால் வகுத்தால் மணிக்கணக்கு வந்துவிடும். என் பழைய கணினியில் 48 வாட்-மணி பேட்டரி இருந்தது. கணக்கு எழுதும் மென்பொருளான டாலியும் பிரவுசரும் திறந்திருந்தால் 14 வாட் வரை இழுத்ததால், புதிதாக இருந்தபோதே மூன்றரை மணி நேரத்தைத் தாண்டியதில்லை. இப்போது வைத்திருப்பது 57 வாட்-மணி. அதே வேலைக்கு 7 வாட்தான் இழுக்கிறது என்பதால் எட்டு மணி நேரம் வருகிறது. கொள்ளளவு கூடியது கொஞ்சம்தான், வேறுபாடு பெரும்பாலும் மின்செலவில்தான் இருக்கிறது. எனவே பிராசசரைக் கவனித்து வாங்குங்கள். விளையாட்டுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் உரிய எச் வகை பிராசசரும் தனி கிராஃபிக்ஸ் கார்டும் கணக்கு வேலைக்குத் தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை பார்க்க அழகாக இருந்தாலும், வெள்ளைப் பின்னணியில் நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு அது கூடுதல் மின்செலவு வைக்கும்.

பேட்டரியில் இன்று முன்னணியில் நிற்பவை, 2020 இறுதியில் எம்1 சில்லுடன் தொடங்கிய ஆப்பிள் மடிக்கணினிகளும், 2024இல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் வகைக் கணினிகளும்தான். ஆயினும் உங்கள் வேலையும் என்னுடையதைப் போன்றதாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். டாலி விண்டோஸுக்கென எழுதப்பட்டது. படிவங்களில் கையெழுத்திடக் கணினியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கு வேண்டிய டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்), ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைக் கணினிக்கெனத் தனியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அதே 2024இல் இன்டெல் வெளியிட்ட கோர் அல்ட்ரா 200வி வரிசையில் இந்தச் சிக்கல் இல்லை, மின்செலவும் குறைவு. ஆனால் அதில் ரேம் பிராசசருடனேயே சேர்ந்து வருவதால் பிறகு கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 போதுமா, 32 ஜிபி வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறுகிறதா என்பதை அவசியம் கேளுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் எங்கள் தெருவில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11ஆம் தேதி கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது ஏறத்தாழ 74 வாட்-மணி. இடையில் வீணாவது போக, என் கணினியை ஒருமுறை முழுமையாக நிரப்ப அது போதுமானதாக இருந்தது. ஆனால் கணினிக்கு வேண்டிய 45 அல்லது 65 வாட்டைத் தரும் பவர் பேங்காக அது இருக்க வேண்டும். போனுக்கென விற்கப்படும் சாதாரண வகை உதவாது. 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது என்னிடம் இருந்த கணினி உருளை முனை சார்ஜரை மட்டுமே ஏற்றது என்பதால், மின்சாரம் திரும்பும்வரை அதைத் திறக்கவே முடியவில்லை.

பேட்டரி தேய்வதையும் கணக்கில் கொள்ளுங்கள். லித்தியம்-அயான் பேட்டரியைக் கெடுப்பவை வெப்பமும், எப்போதும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும். வீட்டில் இருக்கும்போது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு. அக்னி நட்சத்திர நாட்களில் வண்டிப் பெட்டியில் கணினியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். என் பழைய பேட்டரி இரண்டே ஆண்டில் 30 வாட்-மணிக்கு இறங்கியதற்கு அந்தப் பழக்கமே காரணம் என்று நம்புகிறேன். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால் ஆரம்பக் கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அருகருகே தெரியும். இந்தத் தேய்மானத்தை நினைத்து, இன்று உங்களுக்கு ஆறு மணி நேரம் தேவையென்றால் எட்டு மணி நேரம் தருவதை வாங்குங்கள். பேட்டரியை மாற்ற என்ன செலவாகும், கடலூரிலோ புதுச்சேரியிலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையம் உள்ளதா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். கடைக்குப் போகும்போது நீங்கள் தினமும் மாட்டும் பையையே எடுத்துச் சென்று, சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே இருக்கும்போதே அந்தக் கணினியையும் வைத்து, ஐந்து நிமிடம் தோளில் மாட்டி நின்று பாருங்கள்.