மேசைமேல் ஒரு சிறு படை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நானும் என் நண்பரும் சிறு வயதில் பிளாஸ்டிக் சிப்பாய்களைத் திண்ணையில் வரிசையாக நிறுத்தி விளையாடியவர்கள். இப்போது இருவருக்கும் நாற்பது வயது நெருங்குகிறது. முறையான விதிகளுடன் விளையாடப்படும் மேசைப் போர் விளையாட்டைப் பற்றிப் படித்ததிலிருந்து, சிறிய அளவில் ஒரு படையைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பொழுதுபோக்காக விளையாட வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இல்லை. எங்கள் ஊரில் இதை விளையாடுபவர் வேறு எவரையும் அறியோம். எந்தப் படையில், எத்தனை சிப்பாய்களுடன் தொடங்கலாம்?
– மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் ஊரில் விளையாடுபவர் வேறு எவரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் கேள்விக்கான விடையைத் தீர்மானிக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் போன்ற நகரங்களில், வாராவாரம் கூடும் கழகங்களில், ஒருவர் தமக்குப் பிடித்த எந்தப் படையைக் கொண்டு போனாலும் எதிரே நிறுத்த மற்றொருவரிடம் ஒரு படை இருக்கும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நீங்கள் இரண்டு படைகளைச் சேர்க்க வேண்டும் என்பதே என் ஆலோசனை; ஆனால் அவை இரண்டும் சேர்ந்தாலும் மற்றவர்கள் வைத்திருக்கும் ஒரு படையின் அளவுக்கு மேல் போகாதபடி சிறியவையாக இருக்கட்டும். வரலாற்றில் உண்மையாகவே மோதிக்கொண்ட இருவரைத் தேர்ந்தெடுத்து, இரு படைகளையும் ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டால், உங்கள் நண்பருக்கு வேலை மிகுந்து வர முடியாமல் போகும் மாதத்தில்கூட வீட்டுக்கு வரும் தம்பியையோ மைத்துனரையோ எதிரே உட்கார வைத்து விளையாடிவிட முடியும்.

இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைந்த புதிதில், நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படையொன்றை அமைக்க எண்ணி இருநூறு சிப்பாய்களை ஒரே தடவையில் வாங்கினேன். அறுபது பேருக்கு வண்ணம் பூசி முடிப்பதற்குள் ஓராண்டு ஓடிவிட்டது. எதிர்ப்படைக்கு ஒரு சிப்பாய்கூட இல்லாததால் அந்த அறுபது பேரும் ஒரு போரைக்கூடப் பார்க்கவில்லை. முடிக்கக்கூடிய அளவில் தொடங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

அளவுக்கு நான் பரிந்துரைப்பது, 1990இல் பிரிட்டனில் ஃபில் பார்க்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட 'டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்', சுருக்கமாக டிபிஏ, என்னும் விதித்தொகுப்பு. பண்டைய காலத்துக்கும் இடைக்காலத்துக்கும் உரிய நூற்றுக்கணக்கான படைகளுக்கு அதில் பட்டியல் உண்டு. எந்தப் படையாக இருந்தாலும், உரோமப் பேரரசின் படையே ஆனாலும், அதில் இருப்பவை 12 அணிகள்தாம். ஓர் அணி என்பது ஓர் அடிப்பலகையில் ஒட்டப்பட்ட சில சிப்பாய்கள்: வாள்வீரர் என்றால் நால்வர், குதிரைப்படை என்றால் மூவர், இலகு குதிரை என்றால் இருவர், யானை என்றால் ஒன்று. அடிப்பலகையே நகர்கிறது, அடிப்பலகையே அழிகிறது. தனித்தனிச் சிப்பாய்களை எடுக்கவோ எண்ணவோ வேண்டியதில்லை. ஒரு விளையாட்டு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால், ஒரே மாலையில் இருவரும் படைகளை மாற்றிக்கொண்டு இரண்டாம் முறையும் ஆடலாம்.

எந்த இணை என்று கேட்டால், உரோமக் குடியரசும் அதன் எதிரியாக இருந்த வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜும் என்பேன். கி.மு. 218இல் திரெபியா ஆற்றங்கரையில் தொடங்கி, கி.மு. 216இல் கன்னேயில் உரோமர் அடைந்த பெருந்தோல்வி வழியாக, கி.மு. 202இல் சாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் தோற்றது வரை, அந்தப் போர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம் என்பதால், விளையாடும் ஆசையோடு படிக்கும் ஆசையும் வளரும். அதைவிட முக்கியமான காரணம், இரு படைகளும் ஒன்றற்கொன்று முற்றிலும் வேறானவை என்பது. உரோமப் படையின் 12 அணிகளில் ஆறு வாள்வீரர், இரண்டு ஈட்டி ஏந்திய மூத்த வீரர், இரண்டு குதிரைப்படை, இரண்டு இலகு காலாட்கள் என்று அமைத்தால் மொத்தம் 42 உருவங்கள் வரும். அது ஒழுங்காக முன்னேறிச் சென்று நடுவில் மோதும் படை. கார்த்தேஜின் படையிலோ ஆப்பிரிக்க ஈட்டிவீரர், கௌல் நாட்டுப் போராளிகள், பலேரிக் தீவுகளின் கவண் எறிவோர், வட ஆப்பிரிக்காவின் நுமிடிய இலகு குதிரை, யானை என்று பல நாட்டவர் கலந்திருப்பார்கள்; பட்டியலே சில இடங்களில் மாற்றுத் தேர்வுகளும் தருகிறது. உரோமரை ஆடுபவருக்குப் பொறுமையும் கார்த்தேஜை ஆடுபவருக்குத் துணிச்சலும் வேண்டும். நுமிடியக் குதிரைவீரர்களுக்கு வண்ணம் பூசும்போது ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: சாமாவில் நுமிடிய இளவரசன் மாசினிசாவின் குதிரைப்படை உரோமர் பக்கம் நின்றது. ஆகவே அதே உருவங்கள் பின்னொரு நாளில் உங்கள் உரோமப் படைக்கும் உதவும்.

சிப்பாய்களுக்கு 1/72 அளவிலான, அதாவது உண்மை ஆளின் உயரத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கான, மென்பிளாஸ்டிக் உருவங்களே போதும். ஹேட், ஸ்வெஸ்தா போன்ற நிறுவனங்கள் இந்தப் போர்களுக்கென்றே இரு தரப்பு உருவங்களையும் வெளியிட்டிருக்கின்றன. ஒரு பெட்டியில் ஏறத்தாழ நாற்பது காலாட்களோ பத்துப் பன்னிரண்டு குதிரைவீரர்களோ இருப்பதால், உரோமருக்கு இரண்டு காலாட்பெட்டியும் ஒரு குதிரைப்பெட்டியும் தாராளம். மீதமாகும் உருவங்களில் முதலில் தூரிகை பழகலாம். 28 மி.மீ. உயர அளவில் வரும் பெரிய உருவங்கள் கண்ணுக்கு அழகானவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது அஞ்சல் செலவும் இறக்குமதி வரியும் சேர்ந்து, ஒவ்வொரு சிப்பாயின் விலையும் மனத்தில் உறுத்தத் தொடங்கிவிடும். விளையாட்டில் அந்த உறுத்தல் கூடாது. 1/72 உருவங்களுக்கு 60 மி.மீ. அகலமுள்ள அடிப்பலகை வசதியானது. அப்போது களம் 90 செ.மீ. சதுரமாக இருந்தால் போதும். சாப்பாட்டு மேசையில் ஒரு பச்சைத் துணியை விரித்துவிடலாம். அடிப்பலகைகளை எம்.டி.எஃப். பலகையிலோ கெட்டி அட்டையிலோ வெட்டிக்கொள்ளுங்கள். இரு படைகளுக்கும் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டாயம்.

பன்னிரண்டு அணிகள் மிகக் குறைவு என்று தோன்றலாம். விளையாடிப் பார்க்கும்போதுதான் அது எத்தனை நிறைவானது என்று புரியும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடையை உருட்டுகிறீர்கள். விழுந்த எண் எத்தனையோ அத்தனை நகர்வுகள்தாம் உங்களுக்கு. தோளோடு தோள் ஒட்டி நிற்கும் எட்டு அணிகளை ஒரே வரிசையாக நேரே நகர்த்தினால் அது ஒரு நகர்வு. அந்த வரிசை மோதலில் சிதறியபின் ஒவ்வோர் அணிக்கும் ஒரு நகர்வு செலவாகும். பகடையில் ஒன்று மட்டும் விழுந்த வேளையில், இடப்பக்கக் குதிரையைக் காப்பதா நடுவில் உண்டான பிளவை அடைப்பதா என்று நீங்கள் தவிக்கும் தவிப்பு, ஒரு தளபதியின் இக்கட்டை எந்தப் பெரிய விதிநூலையும்விட நன்றாக உணர்த்துகிறது. சண்டையும் எளிது: இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டி, அணியின் மதிப்பைக் கூட்டுவார்கள். வாள்வீரருக்குக் காலாட்படையை எதிர்க்கும்போது 5, குதிரைப்படையை எதிர்க்கும்போது 3. ஈட்டிவீரருக்கு இரண்டிலும் 4. அண்டை அணிகளின் நிலையையும் நிலத்தையும் பொறுத்து இது சற்றுக் கூடும் அல்லது குறையும். குறைவாகப் பெற்றவர் பொதுவாகப் பின்வாங்குவார். எதிரியின் கூட்டுத்தொகையில் பாதியோ அதற்கும் குறைவோ பெற்றால் அழிவார். விதிவிலக்குகளில் எனக்கு மிகவும் பிடித்தது, யானையை இலகு காலாட்கள் வென்றுவிட்டால் அது பின்வாங்காமல் அங்கேயே அழியும் என்பது. ஈட்டி எறிவோரைக் கொண்டு யானையை மிரளச் செய்த பழைய போர்முறை ஒரே வரி விதியில் வந்துவிடுகிறது. நான்கு அணிகளை இழந்து, அந்த இழப்பு எதிரியின் இழப்பைவிடக் கூடுதலாகவும் இருந்தால், அவர் தோற்றவர்.

எல்லாவற்றுக்கும் வண்ணம் பூசிய பிறகே விளையாடுவது என்று காத்திருக்க வேண்டாம். பெட்டி வந்த வாரத்திலேயே சிப்பாய்களை அடிப்பலகைகளில் லேசாக ஒட்டி, பக்கத்துக்கு ஆறு அணிகளுடன் ஆடிப் பாருங்கள். பிறகு மாதத்துக்கு இரண்டு அணிகள் என்று ஆளுக்கொரு படையைப் பூசினால், ஆறே மாதத்தில் இரு படைகளும் முடிந்துவிடும்.

கேள்வி: மேலே நீங்கள் குறிப்பிடும் அதே வகை மென்பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு நான் வண்ணம் பூசினேன். இரண்டு முறை விளையாடுவதற்குள் ஈட்டிகளிலிருந்தும் வாள்களிலிருந்தும் வண்ணம் செதில் செதிலாக உரிந்துவிட்டது. என்ன செய்வது?
– திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: மென்பிளாஸ்டிக் வளையும், காய்ந்த வண்ணம் அந்த அளவுக்கு வளையாது, அதனால் உரிகிறது. அச்சிலிருந்து எளிதாகக் கழற்றுவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப்பசை உருவத்தின் மேல் தங்கிவிடுவது மற்றொரு காரணம். எனவே முதல் வேலை, சிப்பாய்களை இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுவதும் உலர விடுவது. அதன்பின் தண்ணீர் கலந்து மெலிதாக்கிய ஃபெவிகாலை உருவம் முழுவதும் ஒரு பூச்சாகப் பூசுங்கள். காய்ந்தால் அது கண்ணாடிபோலத் தெளிந்த, வளையக்கூடிய ஒரு தோலாகிவிடும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய இரண்டு பூச்சுகளாக ஏற்றி, கடைசியில் மேலும் ஒருமுறை ஃபெவிகாலோ தூரிகையால் பூசும், பளபளப்பில்லாத மேட் வார்னிஷோ கொடுத்தால், ஈட்டிமுனை வளைந்தாலும் வண்ணம் பெரும்பாலும் நிற்கும்.

ஸ்ப்ரே வார்னிஷ் வைத்திருந்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதைத் தொட வேண்டாம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது அடித்தால், காய்ந்தபின் படை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல வெண்படலம் படிந்துவிடும். நுணுக்கமாகப் பூச வேண்டுமே என்ற கவலையும் தேவையில்லை. தோல், துணி, உலோகம், மரம் என்று நான்கைந்து நிறங்களைத் தட்டையாகப் பூசி, தண்ணீராகக் கரைத்த அடர்பழுப்பை மேலே ஓடவிட்டால், அது மடிப்புகளில் தங்கி நிழலைத் தானே வரைந்துவிடும். மூன்றடி தொலைவிலிருந்து பார்க்கப்படும் சிப்பாய்க்கு அது போதும். அடிப்பலகைகளில் மட்டும் சிரத்தை காட்டுங்கள்: ஃபெவிகால் தடவி, சலித்த ஆற்றுமணலைத் தூவி, மண்ணிறம் பூசிவிட்டால், சுமாராகப் பூசிய படையும் களத்தில் கம்பீரமாக நிற்கும்.

கேள்வி: உரோமும் கார்த்தேஜும் இருக்கட்டும், நம் சோழர் படையை இந்த விளையாட்டில் அமைக்க முடியுமா?
– தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: முடியும். நான் மேலே சொன்ன டிபிஏ பட்டியல்களிலேயே தமிழர், சிங்களர் படைகளுக்கென ஓர் இடம் உண்டு. அந்தப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, சோழர் ஒருபுறமும் ஈழத்துச் சிங்கள அரசர் மறுபுறமுமாக ஓர் இணையை நீங்கள் அமைக்கலாம். இரு தரப்பும் வரலாற்றில் மீண்டும் மீண்டும் மோதியவை.

சிக்கல் உருவங்களில்தான். உரோமருக்குக் கிடைப்பதுபோலச் சோழருக்கென்று வார்த்த சிப்பாய்கள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. கி.மு. 326இல் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படைக்காகச் செய்யப்பட்ட இந்திய வீரர்களும் யானைகளும் 15 மி.மீ. உலோகத்தில் கிடைக்கின்றன, ஆனால் அவர்கள் பிற்காலச் சோழருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள். யானைகளையும் வில்லாளர்களையும் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, வாளும் கேடயமும் ஏந்தியவர்களை மட்டும் பச்சை நிற எபாக்சி மாவு கொண்டு கொண்டையும் அரையாடையும் சேர்த்து மாற்றிக்கொள்வதே நான் சொல்லக்கூடிய வழி. முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் உங்கள் நட்பில் இருந்தால், புதிதாக வடிவமைக்கவும் செய்யலாம்.

தோற்றத்துக்கு வெளியே தேட வேண்டாம். செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில் வீரர்கள் வில்லும் குறுவாளும் ஏந்தி நிற்கும் நிலைகளை அப்படியே உங்கள் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாம். உங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஆனையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், கைக்கோளர், வேளைக்காரர் என்று படைப்பிரிவுகளின் பெயர்களே வருகின்றன. பன்னிரண்டு அடிப்பலகைகளின் அடியில் அந்தப் பெயர்களை எழுதி வைத்தால், அந்தப் படைக்குக் கிடைக்கும் உயிர் எந்தக் கடைப் பெட்டியிலும் கிடைக்காது. முதல் படையாக மட்டும் இதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உருவத்தை வெட்டி மாற்றும் வேலைக்குக் கை பழகியிருக்க வேண்டும். பழகுமுன் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடும், சோழர் படை பாதியில் நிற்பதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கற்பனை உலகப் படைகளான வார்ஹாமர் 40,000 பொம்மைகளையே வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
– கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்

பதில்: தாராளமாக வாங்கித் தரலாம், ஆனால் முழு அளவுப் படையாக வேண்டாம். சிறிய போருக்கென்றே 'காம்பட் பட்ரோல்' என்னும் பெட்டிகள் வருகின்றன. பெட்டிக்குள் இருப்பதை அப்படியே ஒரு படையாக வைத்து ஆடுவதற்கு விதிகளும் உண்டு. துண்டு துண்டாக வரும் அந்தப் பொம்மைகளை அவை இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டகத்திலிருந்து வெட்டி, பிளாஸ்டிக் பசையால் ஒட்ட வேண்டும் என்பதால், கத்தியும் பசையும் உங்கள் கையில் இருக்கட்டும், தூரிகையை அவனிடம் கொடுங்கள். அவனுக்கு எதிரே இரண்டாவது படையை ஆடப்போவது நீங்களாகத்தான் இருக்கும் என்பதால், அந்தப் படை எது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.