சாக்லேட் சிஸ்ட்: ஆபரேஷனா, ஐ.வி.எஃப்-ஆ?

கேள்வி: எனக்கு 29 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கல்யாணமாகி இரண்டரை வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்தே பீரியட்ஸ் என்றால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. இப்போது இடுப்பு, தொடை வரை வலி இறங்குகிறது. அந்த நாட்களில் மோஷன் போனால்கூட உள்ளே குத்துகிறது. தாம்பத்யமும் வலிதான். ஸ்கேனில் இடது சினைப்பையில் 4.2 செ.மீ. சாக்லேட் சிஸ்ட் என்று வந்திருக்கிறது. ஏ.எம்.ஹெச் 1.9, சி.ஏ.125 68. ஒரு டாக்டர் உடனே லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்) செய்யணும் என்கிறார். இன்னொருவர், ஆபரேஷன் வேண்டாம், நேராக ஐ.வி.எஃப் போங்கள் என்கிறார். முதலில் பார்த்த டாக்டர் கொடுத்த டைனோஜெஸ்ட் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். பீரியட்ஸ் நின்றுவிட்டதால் மாதாமாதம் கார்டு டெஸ்ட் பார்த்து ஏமாறுகிறேன். ‘ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்கிறார் அத்தை. இது கேன்சரா? யார் சொல்வதைக் கேட்பது? என் தங்கைக்கு 19 வயது, அவளுக்கும் இதே வலி இருக்கிறது.

பதில்: முதலில் அந்த மாத்திரை. டைனோஜெஸ்ட் சாப்பிடும்வரை உங்களுக்குக் குழந்தை தங்க வாய்ப்பு மிகக் குறைவு. தினமும் 2 மி.கி. எடுத்தால் பெரும்பாலானோருக்குக் கருமுட்டை வெளிவருவதே நின்றுவிடும். பீரியட்ஸ் நின்றதும் அதனால்தான். மாத்திரை தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் அது வலிக்கான மாத்திரை, குழந்தைக்கானது அல்ல. எழுதிக் கொடுத்தவர் இதைச் சொல்லாமல் விட்டாரா, சொன்னது வரிசையின் அவசரத்தில் உங்கள் காதில் விழவில்லையா, தெரியாது. இந்தக் குழப்பத்தோடு வரும் பெண்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு மாதத்துக்குள் கருமுட்டை மறுபடி வரத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

சாக்லேட் சிஸ்டுக்குக் காரணமான எண்டோமெட்ரியோசிஸ் என்ற இந்த நோயில் எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. வலியை அடக்கும் ஹார்மோன் மருந்துகள் அநேகமாக எல்லாமே கருத்தரிப்பையும் சேர்த்தே தடுக்கும். அதனால் வலியா, குழந்தையா, இப்போது எது முதலில் என்று முடிவு செய்த பிறகுதான் மருந்துச் சீட்டே எழுத வேண்டும். உங்களுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். ஒருவர் உங்கள் வலியைப் பார்த்தார், மற்றவர் உங்கள் குழந்தையில்லாக் கவலையைப் பார்த்தார். இருவருமே தப்பாகச் சொல்லவில்லை.

கர்ப்பப்பையின் உட்சுவரில் ஒரு மெத்தை மாதாமாதம் வளர்ந்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து பீரியட்ஸாக வெளியேறுகிறது. அதே ஜாதித் திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையின் மேல், கர்ப்பப்பைக்குப் பின்னால், மலக்குடலை ஒட்டி முளைத்துவிட்டால் அதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அதுவும் மாதாமாதம் ஹார்மோனுக்கு ஆடும், கசியும். ஆனால் அந்த ரத்தத்துக்கு வெளியே போக வழி இல்லை. சுற்றிலும் புண்ணாகி, வீங்கி, ஆறி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் அந்த ரத்தம் தேங்கிப் பழசானால் சாக்லேட் சிஸ்ட். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-ல் இந்தக் கட்டிகளைப் பற்றி எழுதியபோதே சாக்லேட் என்ற ஒப்புமை இருந்தது. நம்மூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் கருப்பட்டிப் பாகு என்றிருப்பார். ஆபரேஷனில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பீரியட்ஸ் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போவதுதான் காரணம் என்று 1927-ல் சாம்ப்சன் சொன்னார். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மீதி ஒன்பது பேரின் உடம்பு அதைத் துடைத்துவிடுகிறது. ஏன் சிலருக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது என்பதில் பரம்பரைக்கும் நோயெதிர்ப்பு சக்திக்கும் பங்கு இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டதாலோ, பளு தூக்கியதாலோ, பீரியட்ஸ் நாளில் தலைக்குக் குளித்ததாலோ வந்ததில்லை.

ஒரு வார்த்தையால் நம் ஊரில் பெரிய குழப்பம் நடக்கிறது. பி.சி.ஓ.எஸ்-ஐயும் ‘நீர்க்கட்டி’ என்கிறோம், சாக்லேட் சிஸ்டையும் ‘நீர்க்கட்டி’ என்கிறோம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. பி.சி.ஓ.எஸ்-ல் பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகும், வலி முக்கியப் பிரச்சினையாக இருக்காது. எண்டோமெட்ரியோசிஸில் பெரும்பாலும் தேதி தவறாமல் வரும், வரும்போது உயிரை எடுக்கும். எடை குறைத்தோ மெட்ஃபார்மின் சாப்பிட்டோ பக்கத்து வீட்டு அக்காவுக்கு நீர்க்கட்டி ‘கரைந்தது’ என்றால் அது வேறு கட்டி. 4 செ.மீ. சாக்லேட் சிஸ்டை அப்படிக் கரைக்கும் மருந்தோ கஷாயமோ கிடையாது. ஹார்மோன் மாத்திரையில் அது சுருங்கலாம். நிறுத்தினால் திரும்பவும் தலைகாட்டலாம்.

கேன்சர் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம். சி.ஏ.125 என்பது கேன்சர் சந்தேகத்தில் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, சாதாரணமாக 35-க்குள் இருக்கும். எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும், வயிற்றுக் காசநோயிலும் ஏறும், ஃபைப்ராய்டிலும் ஏறும், பீரியட்ஸ் நாளில் ரத்தம் கொடுத்தாலே ஏறும். இந்த நோயைக் கண்டுபிடிக்க அந்த டெஸ்டே தேவையில்லை என்கிறது ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டி. நான் எண்ணைப் பார்க்க மாட்டேன், ஸ்கேனைப் பார்ப்பேன். கட்டிக்குள் கெட்டியான சதைப்பகுதி, அதற்குள் ரத்த ஓட்டம் என்று எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். இல்லையென்றால் 29 வயதில் இது கேன்சர் அல்ல என்று நம்பலாம். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம்தான். ஆனால் அந்த அதிகமும் நூற்றுக்கு ஒன்று என்பது இரண்டு ஆகும் அளவுக்குத்தான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது கட்டியின் அளவல்ல, பீரியட்ஸ் நாளில் மோஷன் போகும்போது வரும் வலி. தாம்பத்யத்தில் ஆழத்தில் வரும் வலியோடு இது சேர்ந்தால் கர்ப்பப்பைக்குப் பின்னால், குடலை ஒட்டி நோய் இறங்கியிருக்கலாம். வயிற்றுக்கு மேலே வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இது தெரியாது. அனுபவமுள்ள ஒருவர் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. வேண்டும். அப்போது சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்க்குழாயை இந்த நோய் நெரித்தால் வலியே இல்லாமல் சிறுநீரகம் கெடும். அபூர்வம்தான், ஆனால் ஸ்கேனில் கூடுதலாக ஒரு நிமிட வேலை. ஒன்று சொல்ல வேண்டும்: ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தாலும் இந்த நோய் இல்லை என்று ஆகாது. மெல்லிய படலமாகப் பரவியது ஸ்கேனில் தெரியாது. வலியின் அளவும் நோயின் அளவும் ஒத்துப்போவதும் இல்லை. நோய் முற்றிய நான்காம் நிலையில் இருப்பவர் குழந்தைக்காக வந்த இடத்தில்தான் தற்செயலாகத் தெரிந்துகொள்வார். முதல் நிலையில் இருப்பவர் மயங்கி விழுவார்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். எண்டோமெட்ரியோசிஸ் என்றால் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. பாதிக்கு மேற்பட்டவர்கள் தாமாகவே கருத்தரிக்கிறார்கள். ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் பேருக்குத்தான் தாமதமோ சிரமமோ வருகிறது. கருக்குழாய் ஒட்டிக்கொண்டு முட்டையைப் பிடிக்க முடியாமல் போவது, சுற்றியுள்ள அழற்சி, சினைப்பையில் முட்டை இருப்பு குறைவது, வலியால் தாம்பத்யமே குறைந்துபோவது என்று காரணங்கள் பல. கடைசிக் காரணத்தை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. நீங்கள் சொன்னது நல்லது. கணவரிடமும் சொல்லுங்கள், இது மனசு சம்பந்தப்பட்டது என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கலாம்.

ஏ.எம்.ஹெச் 1.9 உங்கள் வயதுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அது எத்தனை முட்டை மிச்சமிருக்கிறது என்று தோராயமாகச் சொல்லும். முட்டையின் தரத்தைச் சொல்லாது, இயற்கையாகக் கரு நிற்குமா என்றும் சொல்லாது. தரத்தைத் தீர்மானிப்பது வயது. 29 உங்கள் பக்கம் இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு ரிப்போர்ட் இல்லை. உங்கள் கணவரின் விந்துப் பரிசோதனை. உங்களுக்கு ஸ்கேன், ரத்தம், மூன்று டாக்டர், மூன்று மாத மாத்திரை. அவருக்குச் சில நூறு ரூபாய் டெஸ்ட் ஒன்றுகூட எடுக்கவில்லையா? எடுத்து, எழுத மறந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். இல்லையென்றால் அதை முதலில் எடுங்கள், ஏனென்றால் ஆபரேஷனா ஐ.வி.எஃப்-ஆ என்ற கேள்விக்கான பாதிப் பதில் அதில் இருக்கிறது. அடுத்து கருக்குழாய் திறந்திருக்கிறதா என்ற பரிசோதனை.

விந்தணு மிகக் குறைவு, அல்லது இரண்டு குழாயும் அடைப்பு என்று வந்தால் ஐ.வி.எஃப் போகச் சொன்ன டாக்டர் சொன்னதுதான் சரி. ஐ.வி.எஃப்-க்கு முன்னால் கட்டியை எடுத்துவிட்டால் குழந்தை வாய்ப்பு கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘4 செ.மீ. தாண்டினால் எடுத்துவிடு’ என்பது பழைய கணக்கு. கட்டியின் தோலை உரிக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் முட்டைகளும் கொஞ்சம் போகும், ஏ.எம்.ஹெச் இறங்கும். இரண்டு பக்கமும் கட்டி இருப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. அப்படிப்பட்டவர்கள் கத்தி வைப்பதற்கு முன்பே முட்டையை உறையவைத்துச் சேமிப்பது பற்றிக் கேட்க வேண்டும். கட்டி முட்டை எடுக்கும் ஊசிக்கு வழி மறித்தாலோ, ஸ்கேனில் சந்தேகம் இருந்தாலோ, வலி தாங்க முடியாவிட்டாலோ மட்டும் எடுக்கலாம்.

கணவரின் ரிப்போர்ட்டும் குழாய்களும் நன்றாக இருந்தால் நான் லேப்ராஸ்கோபி சொன்ன டாக்டர் பக்கம் சாய்வேன். காரணம் கட்டி அல்ல, உங்கள் வலி. இவ்வளவு வலியோடு மாத்திரையும் எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் முயற்சி செய்யச் சொல்வது கொடுமை. 1997-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், ஆரம்ப நிலை நோயை லேப்ராஸ்கோபியில் அகற்றியவர்களில் 100-க்கு 31 பேருக்குக் கரு நின்றது, வெறுமனே பார்த்துவிட்டு மூடியவர்களில் 18 பேருக்கு. உங்களுடையது ஆரம்ப நிலை அல்ல, அதனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சரியான கைகளில் நடந்த ஒரு ஆபரேஷன் வலியையும் குறைக்கும், அடுத்த ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு நல்ல வாய்ப்பையும் தரும்.

‘ஒரு’ ஆபரேஷன் என்று வேண்டுமென்றேதான் எழுதினேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் முட்டை இருப்பு குறையும், ஒட்டல் கூடும். மருந்து இல்லாமல் விட்டால் ஐந்து வருடத்தில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது. எனவே இந்தச் சீட்டை ஒருமுறைதான் ஆடப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு ஆளைத் தேடுங்கள். ‘இந்த ஆபரேஷன் மாதம் எத்தனை செய்கிறீர்கள்? குடலில் ஒட்டியிருந்தால் குடல் சர்ஜன் கூட இருப்பாரா? கட்டியை உறிஞ்சி விடுவீர்களா, தோலோடு உரிப்பீர்களா?’ என்று கேளுங்கள். வெறும் ஊசியால் உறிஞ்சினால் சீக்கிரமே நிரம்பிவிடும். இப்படிக் கேட்டால் கோபப்படும் டாக்டர் உங்களுக்கு வேண்டாம். ஆபரேஷன் முடிந்ததும் ‘ஆறு மாதம் ஊசி போட்டுவிட்டுக் குழந்தைக்கு முயலலாம்’ என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். தற்காலிக மெனோபாஸை உண்டாக்கும் அந்த ஊசி வலிக்கு நல்லது. இயற்கையாகக் கருத்தரிக்க அது உதவாது, நல்ல மாதங்களைத்தான் தின்னும். அந்த மாதங்களில் தானாக முயலலாம், அல்லது விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. மூன்று நான்கு முறை பார்க்கலாம். தங்கவில்லையென்றால் தயங்காமல் ஐ.வி.எஃப்.

அதுவரை வலிக்கு: வெந்நீர்ப் பை, மருந்துக் கடையில் கிடைக்கும் வலி மாத்திரை. உச்சிக்குப் போன பிறகு விழுங்காமல் வலி தொடங்கும்போதே, சாப்பாட்டுக்குப் பின் எடுங்கள். முட்டை வெளியாகும் நாட்களில் மட்டும் தவிர்ப்பது நல்லது. பீரியட்ஸ் வலிக்குப் பலரும் எடுக்கும் மெஃபெனமிக் அமிலம் எடுத்தபின் உடம்பில் தடிப்போ காய்ச்சலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி, காய்ச்சல் என்றால் கட்டி உடைந்திருக்கலாம், சினைப்பை முறுக்கியிருக்கலாம். அது எமர்ஜென்சி.

அத்தை சொன்னதும் முழுப் பொய் இல்லை. கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும்போதும் பீரியட்ஸ் இல்லாததால் வலி அடங்கும். அதற்குப் பிறகு பலருக்குத் திரும்ப வரும். குழந்தை வேண்டுமென்றால் பெற்றுக்கொள்ளுங்கள், வைத்தியமாகப் பெற்றுக்கொள்ளாதீர்கள். குழந்தை பிறந்து பால் கொடுத்து முடித்தபின் டைனோஜெஸ்டுக்கோ காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்துக்கோ திரும்பி வரலாம். அப்போது அவை உங்களுக்குப் பெரிய துணை.

தங்கை விஷயத்தில்தான் எனக்கு அவசரம். அக்காவுக்கு இருந்தால் தங்கைக்கு வரும் வாய்ப்பு அதிகம். நீங்கள் பத்தாம் வகுப்பில் தொடங்கி ஸ்கேனுக்கு வந்து சேர பதின்மூன்று, பதினான்கு வருடம் ஆகியிருக்கிறது. அவள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. கல்யாணமாகாத பெண் என்பதால் உள் ஸ்கேனுக்குப் பயப்பட வேண்டாம், வயிற்று ஸ்கேனோ எம்.ஆர்.ஐ-யோ போதும். எதுவும் தெரியாவிட்டாலும் வலியை மட்டும் வைத்தே சிகிச்சை தொடங்கலாம். டாக்டர் கருத்தடை மாத்திரை எழுதினால் வீட்டில் பூகம்பம் வரும், எனக்குத் தெரியும். அவளுக்கு அது கருத்தடை மாத்திரை அல்ல, வலிக்கான மருந்து. கண்ணில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலைவலியோ ரத்தம் உறைந்த வரலாறோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கர்ப்பப்பை கெட்டுவிடும், பின்னால் குழந்தை பிறக்காது என்று யாராவது சொன்னால், அப்படி இல்லை என்று அம்மாவிடம் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த முறை நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.