டயமண்ட் ஹெட்: ஏற்றத்தை விட இறக்கம்தான் கவனம்

கேள்வி: ஜூலையில் ஹவாய் போகிறோம். ஹொனலூலுவில் டயமண்ட் ஹெட் எரிமலை உச்சிக்கு 64 வயது அம்மாவையும் கூட்டிப்போகலாமா? அவருக்கு லேசான முழங்கால் வலி உண்டு. சூரிய உதயம் பார்க்க முடியுமா?

பதில்: தினமும் அரை மணி நேரமாவது நடக்கிறவர் என்றால் தாராளமாகக் கூட்டிப்போகலாம். உச்சிவரை 1.3 கி.மீ., ஏற்றம் சுமார் 170 மீட்டர். போய்வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்காலைச் சோதிப்பது தூரம் அல்ல, தரை. கடற்கரைப் பாதுகாப்புக்காக அமெரிக்க ராணுவம் 1908-ல் அமைத்த பாதை இது. கோவேறு கழுதைகளும் ஆட்களும் சாமான் ஏற்றிப்போக வெட்டியது. தொடக்கத்தில் சிமென்ட் தளம், பிறகு வளைந்து வளைந்து ஏறும் கரடுமுரடான பாறை. மலையே எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. அந்தப் பாறை பொடிந்து, மிதிபட்ட இடமெல்லாம் மணல் தூவினாற்போல் கிடக்கும். இறங்கும்போது வழுக்குவது அதனால்தான். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூவும் ஒரு ஊன்றுகோலும் போதும்.

மேலே 74 படிகள், அடுத்து 225 அடி நீளக் குறுகிய சுரங்கம். அதைத் தாண்டினால் எதிரே செங்குத்தாக 99 படிகள். அம்மா அதில் ஏற வேண்டாம். இடப்பக்கம் பிரியும் பாதையில் போகட்டும். அதிலும் படி உண்டு, ஆனால் மூச்சு வாங்க இடம் கிடைக்கும். 99 படி ஏறுகிறவர்கள் பழைய கண்காணிப்பு நிலையத்துக்குள் நுழைந்து, சுழல்படி ஏறி, கான்கிரீட் இடுக்கு வழியாகக் குனிந்து வெளியே வருவார்கள். உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நிலையம் ஏன் அங்கே? எரிமலை வெடித்தபோது வடகிழக்குக் காற்று சாம்பலைத் தென்மேற்கே தள்ளிக் குவித்தது. அதனால் எரிமலைவாயின் தென்மேற்கு விளிம்புதான் உயரம்: கடல்மட்டத்திலிருந்து 761 அடி. கீழே இருந்த பீரங்கிப் படைக்குக் குறி சொல்ல, ராணுவத்துக்கு அதைவிட நல்ல திண்ணை கிடைத்திருக்காது. பெயரில்தான் வைரம், மாலுமிகள் வைரம் என்று பார்த்து ஏமாந்தது கால்சைட் என்ற சாதாரணக் கனிமத்தின் படிகங்களை.

ஹவாய்வாசி அல்லாதவர்கள் ஆன்லைனில் முன்பதிவு செய்தே ஆகவேண்டும். 30 நாள் முன்பே திறக்கும். ஆளுக்கு 5 டாலர், கார் நிறுத்த 10. கடைசி நுழைவு மாலை 4.30. வாசல் திறப்பது காலை 6 மணிக்கு. ஜூலையில் அதற்குள் விடிந்துவிடும், உச்சியில் உதயம் கிடைக்காது. இருந்தாலும் 6 மணியையே எடுங்கள். எரிமலைவாய்ப் பள்ளத்துக்குள் நிழல் கிடையாது, மேலே குடிநீரும் கழிப்பறையும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள்.

74 படிகளுக்கு முன்னால், சாமான் தூக்கிய பழைய இழுவைப்பொறியின் அடித்தளம் இருக்கும் மேடை வரும். அங்கேயே முழங்கால் முனகினால் அம்மா அத்துடன் நிற்கட்டும். எரிமலைவாய் முழுவதும் அங்கிருந்தே தெரியும்.