தொட்டும் தெரியாத விரல்கள்

கேள்வி: பெருமூளை வாதத்தால் (வளரும் மூளையில் நேர்ந்த காயத்தால் உடல் இயக்கம் பாதிக்கப்படும் நிலை) என் 7 வயது மகனுக்கு வலக்கை பலவீனம். பார்த்துக்கொண்டே டம்ளரைப் பிடித்தால் பிடிக்கிறான். பார்வை விலகினால் நழுவ விடுகிறான். கவனக்குறைவு என்று வீட்டில் கண்டிக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்தவன்தான்.
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: சகோதரி, தயவுசெய்து அவனைக் கண்டிக்க விடாதீர்கள். வலக்கையின் தொடு உணர்வு, தண்டுவடம் வழியாக மூளையின் இடப்பக்கத்துத் தாலமஸை (உணர்வுகளை வாங்கி அனுப்பும் உட்பகுதி) அடைந்து, அங்கிருந்து மூளையின் மேலுறையான புறணிக்குச் செல்கிறது. இப்பாதையில் காயம் பட்டிருந்தால், தசை இயங்கினாலும் பிடியின் அழுத்தம் விரல்களுக்குச் சரியாகத் தெரியாது, கண்ணே அந்த வேலையைச் செய்ய வேண்டியதாகிறது.

காயம் எப்போது நேர்ந்தது என்பதும் முக்கியம். கருவின் ஏழாம் மாதத்தையொட்டி மூளையின் வெண்பகுதியில் (புறணிக்கு அடியில் நரம்பிழைகள் செல்லும் பகுதி) காயம் நேர்ந்தால், அப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும் உணர்வு நரம்பிழைகள் அதைச் சுற்றிக் கடந்து புறணியை அடைய முடியும் என்பதால், அத்தகைய குழந்தைகள் பலருக்குத் தொடு உணர்வு ஓரளவு தப்பிவிடுகிறது. நிறைமாதத்தில் இரத்தக்குழாய் அடைப்பால் புறணியே சிதைந்தாலோ, இழைகள் சென்று சேரும் இடமே பழுதாகிவிடுகிறது. உங்கள் மகனுக்கு எது நேர்ந்தது என்பதை எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து நரம்பியல் மருத்துவர்தான் கூற வேண்டும்.

சாவி, நாணயம், புளியங்கொட்டை ஆகியவற்றைத் துணிக்கு அடியில் வைத்து, வலக்கையால் தடவி எது என்று சொல்லச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அதை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) தெரிவியுங்கள். இயக்கத்தோடு உணர்வுக்கும் பயிற்சி உண்டு. சூடான பாத்திரங்களை மட்டும் அந்தக் கைக்கு எட்டாமல் வையுங்கள்.