163 பவுண்ட்னா எத்தனை கிலோ? மனக்கணக்கு ஈசிதான், ஆனா குழந்தை மருந்துக்கு அத நம்பாதீங்க

நீங்க கேட்டது இதுதான்: அமெரிக்கா வந்து ரெண்டு மாசம் ஆச்சு, டாக்டர் ஆபீஸ்ல உங்களுக்கு 163, பையனுக்கு 26னு பவுண்ட்ல எழுதிக் குடுத்துட்டாங்க, ஊர்ல அம்மா கேட்டா கிலோல சொல்லத் தெரியல, கால்குலேட்டர் இல்லாம மாத்த வழி இருக்கானு.

இருக்கு. பவுண்டை பாதியாக்குங்க, வந்ததுல பத்துல ஒரு பங்கை கழிச்சிடுங்க, அவ்ளோதான். 163ல பாதி 81.5, அதுல பத்துல ஒண்ணு 8.15, கழிச்சா 73.35. சரியான கணக்கு 73.9 கிலோ. பையனுக்கு 26ல பாதி 13, அதுல 1.3 போக 11.7, சரியான கணக்கு 11.8. எப்பவும் கொஞ்சம் குறைச்சுதான் காட்டும், ஏன்னா இந்த வழியில ஒரு பவுண்டுக்கு 0.45 கிலோதான் வருது, உண்மையில ஒரு பவுண்ட் 0.45359237 கிலோ. இந்த நீள நம்பரை 1959ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணாங்க, அதுக்கு முன்னாடி அமெரிக்க பவுண்டுக்கும் பிரிட்டன் பவுண்டுக்குமே துளி வித்தியாசம் இருந்துச்சு.

திருப்பி கிலோவுல இருந்து பவுண்டுக்கு வரணும்னா ரெண்டு மடங்காக்கி பத்துல ஒண்ணு சேருங்க. 70 கிலோ, 140, அதோட 14, மொத்தம் 154. சரியான கணக்கு 154.3, இதுக்கு மேல என்ன வேணும். டிரைவிங் லைசன்ஸ் ஃபார்ம்ல சில மாநிலங்கள்ல எடைய பவுண்ட்ல கேப்பாங்க, அங்க இது போதும்.

அம்மாகிட்ட போன்ல சொல்றப்போ ஒண்ணு, "பவுண்ட்"னு சொன்னா அவங்க காதுல பவுன்னுதான் விழும். எங்க அம்மாவுக்கு நான் ராத்தல்னு சொல்லித்தான் புரிய வெச்சேன். அந்தக் காலத்துல தாத்தா எல்லாம் ராத்தல், வீசை, மணங்குனுதான் பேசுவாங்களாம், அந்த ராத்தல்தான் இந்த பவுண்ட். நம்ம ஊர்ல 1956ல சட்டம் போட்டு கிலோவுக்கு மாறிட்டோம், இங்க இன்னும் மாறல.

இப்போ நான் இந்தப் பதில எழுத உக்காந்ததே இதுக்குத்தான், உங்க பையனுக்கு 26னு எழுதிக் குடுத்தாங்கனு சொன்னீங்க பாருங்க, அந்தப் பேப்பர்ல 26 பக்கத்துல பவுண்ட்னு போட்டிருக்கா இல்ல வெறும் 26ஆனு எடுத்துப் பாருங்க ப்ளீஸ்.

என் பொண்ணுக்கு அப்போ 11 மாசம். ராத்திரி 102 டிகிரி காய்ச்சல் (இதுவும் இங்க ஃபாரன்ஹீட், அது தனிக் கதை), ஒரு கிளினிக்குக்கு தூக்கிட்டு ஓடினோம், எடை பாத்தாங்க, மெஷின்ல 22னு வந்துச்சு, டாக்டர் பாத்துட்டு வைரல்தான் பயப்படாதீங்கனு சொல்லி காய்ச்சல் மருந்து அளவு போட்டு ஒரு பிரிண்ட் அவுட் குடுத்தாங்க, ஒரு வேளைக்கு 10 மில்லினு. நேரா ஃபார்மசி போய் கைக்குழந்தைகளுக்கான அசெட்டமினோஃபென், அதாவது நம்ம ஊர் பாராசிட்டமால்தான், அந்த டப்பாவ வாங்கினோம். கார்லயே பிரிச்சேன். உள்ள இருந்த பிளாஸ்டிக் சிரிஞ்சுல கோடு 5 மில்லியோட முடிஞ்சு போச்சு. 10 மில்லினா ரெண்டு தடவ ரொப்பணும். ஒரு வயசு கூட ஆகாத குழந்தைக்கு ரெண்டு சிரிஞ்சா? எனக்கு கை ஓடல. எங்க வீட்டுக்காரர் திரும்ப கடைக்குள்ள போய் பெரிய பிள்ளைங்களுக்கு வெச்சிருக்கிற டப்பாவோட பின்பக்கத்த போட்டோ எடுத்துட்டு வந்தார், அதுல டேபிள் இருக்கும், 10 மில்லிங்கிறது 48ல இருந்து 59 பவுண்ட் இருக்கிற பிள்ளைக்கு, 6ல இருந்து 8 வயசு.

அப்புறம்தான் பிரிண்ட் அவுட்ட மறுபடியும் படிச்சேன். எடைங்கிற இடத்துல 22 கிலோனு இருந்துச்சு. மெஷின் காட்டினது பவுண்ட், டைப் பண்ணது கிலோ கட்டத்துல. என் பொண்ணு நிஜத்துல 10 கிலோ.

கணக்கு பாருங்க. இந்த மருந்து பொதுவா ஒரு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம்னு போடுவாங்க. 10 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 150 மில்லிகிராம். இங்க சிரப்புல 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் இருக்கு, அப்போ 10 மில்லில 320. ரெண்டு மடங்குக்கு மேல. ஒரே ஒரு வேளைக்கு அளவு தப்பினாலும் பரவால்லனு வெச்சுக்குவோம், காய்ச்சல்னா ஒரு நாளைக்கு நாலு வேளை, ரெண்டு மூணு நாள் குடுப்போம் இல்லையா, இந்த மருந்து அளவு மீறினா அடி வாங்கறது கல்லீரல். கார்ல இருந்தே கிளினிக்குக்கு போன் பண்ணேன், நர்ஸ் பாத்துட்டு உடனே மன்னிப்பு கேட்டாங்க, 4.5 மில்லினு மாத்திக் குடுத்தாங்க. அந்த நர்ஸ் மேல எனக்கு கோவம் இல்ல, ராத்திரி 11 மணி, வெயிட்டிங் ரூம் முழுக்க அழுகுற குழந்தைங்க. ஆனா ஒரே மெஷின்ல ரெண்டு அளவும் வர்ற மாதிரி வெச்சிருக்கிற வரைக்கும் இது யாருக்கும் நடக்கும். இங்க எமர்ஜென்சி நர்ஸுங்க சங்கமே குழந்தைங்கள கிலோல மட்டும்தான் எடை பாக்கணும், கிலோலதான் எழுதணும்னு சொல்லுது.

அதனால மனக்கணக்கு எல்லாம் அம்மாகிட்ட பேசறதுக்கு. மருந்துனு வந்தா நீங்களும் மாத்தாதீங்க, அவங்களையும் மாத்த விடாதீங்க, "கிலோல வெச்சு பாருங்க"னு கேளுங்க, பெரும்பாலான மெஷின்ல ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினா மாறிடும். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. வாங்கின பேப்பர்ல எடை சரியா இருக்கானு கிளம்பறதுக்கு முன்னாடி அங்கயே நின்னு படிங்க. ஊர்ல இருந்து கொண்டு வந்த சிரப் இருந்தா அதுக்கு இங்க சொன்ன மில்லி கணக்கு செல்லாது, நம்ம ஊர்ல 5 மில்லிக்கு 120, 125, 250னு விதவிதமா இருக்கும், மில்லிகிராமத்தான் பாக்கணும்.

இன்னொண்ணு, பிறந்த குழந்தை எடை. இங்க 7 பவுண்ட் 4 அவுன்ஸ்னு சொல்வாங்க, அத 7.4னு எழுதிடாதீங்க. பவுண்டுக்கு 16 அவுன்ஸ், அப்போ 4 அவுன்ஸ்ங்கிறது கால் பவுண்ட், 7.25, அதாவது 3.29 கிலோ. 7.4னு போட்டா 3.36 ஆயிடும். 70 கிராம்தானேனு தோணும், ஆனா முதல் வாரத்துல குழந்தை எத்தனை சதவீதம் எடை குறைஞ்சதுனு பாத்துத்தான் பால் பத்துதா இல்லையானு முடிவு பண்றாங்க, அங்க 70 கிராம் ரெண்டு சதவீதம். லண்டன்ல சொந்தக்காரங்க இருந்தா அவங்க ஸ்டோன்னு ஒண்ணு சொல்வாங்க, 14 பவுண்ட் ஒரு ஸ்டோன், 11 ஸ்டோன் 4 பவுண்ட்னா 11ஐ 14ஆல பெருக்கி 4 கூட்டி 158 பவுண்ட், கிட்டத்தட்ட 71.7 கிலோ.

அன்னையில இருந்து எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, தேதியும் கிலோவும் மட்டும். போன மாச செக்கப்புக்கு அப்புறம் என் பொண்ணே நாற்காலி போட்டு ஏறி நின்னு, நான் சொல்லச் சொல்ல 16.8னு எழுதினா, 8 மட்டும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. உங்க பையன் பேப்பர்ல 26 பக்கத்துல என்ன எழுதியிருக்குனு பாத்துட்டு கீழ சொல்லுங்க.